என்க்ளேவ்: மக்களை விட்டுவிட்டு மிஞ்சிய அரசாங்கம்

கேள்வி: "ஃபால்அவுட் தொலைக்காட்சித் தொடர் பார்த்தேன். முதல் சீசனில் வில்சிக் என்ற விஞ்ஞானி என்க்ளேவ் என்ற இடத்திலிருந்து தப்பி ஓடுகிறார். அதற்கு மூலமான வீடியோ விளையாட்டுகள் எதையும் நான் ஆடியதில்லை. இந்த என்க்ளேவ் உண்மையிலேயே அமெரிக்க அரசாங்கமா, இல்லை அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஏமாற்றும் கூட்டமா? ஏன் எல்லோரும் அவர்களைக் கண்டாலே சுடுகிறார்கள்?"

உண்மையான அரசாங்கம்தான். போலி என்று எழுதியிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும்: ஒரு திருட்டுக் கும்பல், ஒரு நாயகன், கடைசியில் ஒரு வெடிப்பு. ஆனால் என்க்ளேவின் தலைவர்கள் தங்களை ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, ரகசியப் பாதுகாப்புப் பிரிவு என்று அழைத்துக்கொள்வதில் சட்டப்படி பெரிய பொய் எதுவும் இல்லை. போருக்கு முன் அமெரிக்காவை ஆண்டவர்களின் நேரடி வாரிசுகள் அவர்கள். எனக்கு இந்தத் தரப்பு இத்தனை ஆண்டுகளாக மனதில் நிற்பதற்குக் காரணமும் அதுதான். அரசாங்கம் தப்பித்துவிட்டது, மக்கள் வெளியே நின்றுவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த அரசாங்கம் என்னவாகும்? விளையாட்டுகள் ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பதில் சொல்கின்றன. முடிச்சுகளை அவிழ்த்துத்தான் விளக்க முடியும். முதலில் ஆடிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபால்அவுட் உலகில் 2052 முதலே எண்ணெய்க்காகவும் மற்ற வளங்களுக்காகவும் நாடுகள் அடித்துக்கொள்கின்றன. 2066ல் சீனா அலாஸ்காவுக்குள் படையோடு நுழைகிறது. அதைத் துரத்தப் போன அமெரிக்கா, நடுவில் இருந்த கனடாவையே விழுங்கிவிடுகிறது. 2077 ஜனவரியில் ஆங்கரேஜ் மீட்கப்படுகிறது. அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று அணுகுண்டுகள் பறக்கின்றன. இரண்டு மணி நேரத்தில் உலகம் முடிந்துபோகிறது.

இதில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2077 மார்ச். குண்டு விழ இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அப்போதே ஜனாதிபதியும் அவரைச் சுற்றியிருந்த அதிகாரிகள், ராணுவத் தலைகள், பெருநிறுவன முதலாளிகளும் ஒதுக்குப்புறமான பாதுகாப்பு இடங்களுக்குப் போய்விடுகிறார்கள். முக்கியமான இடம், கலிபோர்னியக் கரைக்கு அப்பால் கடலுக்குள் நிற்கும் பொசைடன் எனர்ஜி நிறுவனத்தின் எண்ணெய் மேடை. மேலே தலைநகரில் மக்களும் செய்தித்தாள்களும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்க, நாட்டை ஆண்டவர்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள்.

இது கதாசிரியர்கள் வானத்திலிருந்து பறித்த கற்பனை இல்லை. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு இதற்கான ஏற்பாடுகளை நிஜமாகவே செய்து வைத்திருந்தது. மேற்கு வர்ஜீனியாவில் கிரீன்பிரையர் என்று ஒரு பெரிய சொகுசு விடுதி இருக்கிறது. அதன் அடியில், 1950களின் கடைசியில் தொடங்கி, மொத்த காங்கிரசும் தங்குவதற்கு ஒரு பதுங்கறை கட்டினார்கள். இரு அவைகளும் கூடுவதற்குத் தனித்தனி மன்றங்கள்கூட இருந்தன. மேலே பணக்காரர்கள் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருக்க, கீழே அந்த அறைகள் முப்பது ஆண்டுகள் தயார்நிலையில் காத்திருந்தன. 1992ல் வாஷிங்டன் போஸ்ட் அதை வெளிப்படுத்தியது. பென்சில்வேனியாவில் ராவன் ராக் மலைக்குள் பாதுகாப்புத் துறைக்கான நிலத்தடி வளாகம் இன்றும் இருக்கிறது. ஃபால்அவுட் 3ல் என்க்ளேவின் தலைமையகத்தின் பெயரும் ராவன் ராக்தான். ஃபால்அவுட் 76ல் வரும் வைட்ஸ்பிரிங் விடுதி, கிரீன்பிரையரை அப்படியே பார்த்துச் செய்தது. 'அரசின் தொடர்ச்சி' என்று அதிகாரிகள் சொல்லும் அந்த ஏற்பாட்டை விளையாட்டு நூல் பிடித்தாற்போல் கடைசி வரை கொண்டுபோய்ப் பார்க்கிறது.

சரி, மக்களுக்காகக் கட்டிய வால்ட்டுகள்? தொடரின் நாயகி லூசி வசிக்கும் அந்த நிலவறைகள்தான். மக்களைக் காப்பாற்றும் திட்டம் என்று வால்ட்-டெக் நிறுவனம் விளம்பரம் செய்தது. பெரும்பாலானவை உண்மையில் சோதனைக்கூடங்கள். வால்ட் 12ன் கதவு முழுதாக மூடாதபடியே செய்யப்பட்டது, கதிர்வீச்சு உள்ளே வந்தால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்று பார்க்க. வால்ட் 13ஐ 200 ஆண்டுகள் திறக்கக் கூடாது, அடைத்து வைத்த சமூகம் எப்படி மாறும் என்று பார்க்க. இந்தச் சோதனைகளின் மறுமுனையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது என்க்ளேவ். எல்லோரும் அவர்களை ஏன் சுடுகிறார்கள் என்ற கேள்விக்கு முதல் பதில் இது.

இரண்டாவது பதில் ஃபால்அவுட் 2. பிளாக் ஐல் நிறுவனம் உருவாக்கி 1998ல் வெளிவந்தது. என்க்ளேவ் முதன்முதலில் வருவது இதில்தான்.

தொடக்கக் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வால்ட்டுக்குள் ஒரு பயிற்சிப் படம் ஓடுகிறது: வெளியே போகும் நாள் வந்துவிட்டால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கார்ட்டூன் சிறுவன் சிரித்துக்கொண்டே சொல்லித் தருகிறான். அப்புறம் அந்தப் பெரிய பல்சக்கரக் கதவு நிஜமாகவே உருண்டு திறக்கிறது. உள்ளே தலைமுறை தலைமுறையாக அடைந்து கிடந்தவர்கள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எதிரே பூச்சி முகம் போன்ற தலைக்கவசத்தோடு, பவர் ஆர்மர் என்ற இயந்திரக் கவசம் போட்ட வீரர்கள். மக்களில் ஒருவர் கையசைக்கிறார். வீரன் துப்பாக்கியைத் தூக்கிச் சுடத் தொடங்குகிறான். விளக்கம் கிடையாது. நாற்பது ஐம்பது மணி நேரம் ஆடி முடிக்கும்போதுதான் அந்த ஒரு நிமிடத்தின் பொருள் புரியும். அவர்களைச் சுட்டது அவர்களுடைய சொந்த அரசாங்கம். எதிர்த்தவர்களைக் கொன்றுவிட்டு மற்றவர்களைச் சோதனைக்காக ஹெலிகாப்டரும் விமானமும் கலந்த வெர்ட்டிபேர்டுகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கதை 2241ல் தொடங்குகிறது. நீங்கள் ஆடுவது அரோயோ என்ற சிறு கிராமத்தின் இளைஞராக. பயிர் கருகுகிறது, மாடுகள் சாகின்றன, ஊரைக் காப்பாற்ற ஒரு கருவியைத் தேடிப் போகிறீர்கள். திரும்பி வருவதற்குள் ஊர்க்காரர்களையும் என்க்ளேவ் பிடித்துக்கொண்டு போய்விடுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் துருப்பிடித்து நிற்கும் ஒரு பழைய எண்ணெய்க் கப்பலைக் கிளப்பி, கடல் மேடைக்குப் போய்ச் சேர்கிறீர்கள். அங்கே ஜனாதிபதி டிக் ரிச்சர்ட்சனோடு நேரில் உட்கார்ந்து பேசலாம்.

அந்தப் பேச்சைப் பலரும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மொத்த விளையாட்டின் உச்சம். ரிச்சர்ட்சன் கத்துவதில்லை. மிரட்டுவதில்லை. ஒரு நிர்வாகி வரவு செலவை விளக்குவதுபோல் விளக்குகிறார். போரின்போது எஃப்.இ.வி. என்ற வைரஸ் காற்றில் கலந்துவிட்டது. நிலப்பரப்பில் இருக்கும் எல்லோரும் அதனாலும் கதிர்வீச்சாலும் மாறிப்போனவர்கள். ஆகவே அவர்கள் மனிதர்கள் இல்லை. மனிதர்கள் என்றால் இந்த மேடையில் இருப்பவர்களும் மூடிய வால்ட்டுகளில் இருந்தவர்களும்தான். அந்த வைரஸையே நஞ்சாக மாற்றி வானத்தின் உயர்காற்றோட்டத்தில் விட்டால் உலகம் சுத்தமாகிவிடும். தடுப்பூசி போட்டுக்கொண்ட தாங்கள் மறுபடி கரைக்குப் போய் அமெரிக்காவைத் தொடங்கலாம். நஞ்சு யாரைக் கொல்கிறது, யாரை விடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இரண்டு மாதிரிகள்: 'தூய' ரத்தத்துக்கு வால்ட் 13, 'கெட்ட' ரத்தத்துக்கு அரோயோ.

இங்கேதான் கதையின் கூர்மை. அரோயோவை நிறுவியவர் வால்ட் 13ல் பிறந்தவர். முதல் விளையாட்டின் நாயகர் அவர்தான். அவரும் அவரைத் தொடர்ந்து வெளியே வந்த சிலரும் சேர்ந்து உண்டாக்கிய ஊர் அது. ஆக, இரண்டு கூண்டுகளிலும் இருப்பது ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள். எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளை கதவுக்கு வெளியே காலடி வைத்தது, இன்னொன்று உள்ளேயே இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அமெரிக்க அரசியலமைப்பு 'மக்களாகிய நாங்கள்' என்று தொடங்குகிறது. ரிச்சர்ட்சன் அந்தச் சாசனத்தைக் கிழிக்கவில்லை. 'மக்கள்' என்ற சொல்லின் பொருளை மட்டும் சுருக்கிக்கொண்டார். சாசனத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் ஒரு கண்டத்தையே கொல்ல முடிகிறது.

அவர்களுடைய தூய்மைக் கொள்கைக்கு அவர்களே உண்மையாக இல்லை என்பதையும் விளையாட்டு காட்டுகிறது. என்க்ளேவின் மிகப் பெரிய வீரன் ஃபிராங்க் ஹாரிகன். 2236ல், கைவிடப்பட்ட மரிபோசா ராணுவத் தளத்தில் வைரஸைத் தோண்டி எடுக்கப் போனபோது அதில் சிக்கி, அரக்க உருவமாக மாறியவன். அவர்கள் கணக்குப்படி அவன் மனிதனே இல்லை. ஆனால் பயன்படுகிறான். அதனால் ஒரு கவசத்துக்குள் அடைத்து ஜனாதிபதியின் பாதுகாப்புப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள்.

அதே மேடையில் மனம் மாறுகிறவர்களும் உண்டு. நஞ்சைத் தயாரிக்கும் டாக்டர் கர்லிங்கிடம், கரையில் இருப்பவர்களும் மனிதர்கள்தான் என்று புரியவைக்க முடிந்தால் அந்த மனிதர் உடைந்துபோகிறார். தான் செய்த நஞ்சை மேடையின் காற்றோட்டக் குழாய்களிலேயே திறந்துவிடுகிறார். சார்ஜென்ட் கிரானைட் என்பவரையும் அவர் ஆட்களையும் பேசிப் பேசியே நம் பக்கம் இழுத்து ஹாரிகனுக்கு எதிராக நிறுத்தலாம். என்க்ளேவில் இருக்கும் எல்லோருக்கும் முழுத் திட்டம் தெரியாது. பலருக்கு அது பிறந்து வளர்ந்த ஊர், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருகிறேன். எப்படிப் போனாலும் மேடை வெடிக்கிறது. ஜனாதிபதியும் போகிறார்.

பெதஸ்டா 2008ல் வெளியிட்ட ஃபால்அவுட் 3, மறுகரையில், வாஷிங்டன் இடிபாடுகளில், 2277ல் நடக்கிறது. மேடை அழிந்த பிறகு மிஞ்சியவர்கள் கண்டத்தைக் கடந்து ராவன் ராக்குக்கு வந்துவிட்டார்கள். பாழ்நிலத்தில் நடக்கும்போது பந்து போன்ற சின்ன ரோபோ ஒன்று தேசபக்தி இசையோடு மிதந்து வரும். அதிலிருந்து ஜனாதிபதி ஜான் ஹென்றி ஈடனின் குரல் கேட்கும். மால்கம் மெக்டவல் குரல் கொடுத்திருக்கிறார். கணப்பருகே உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் தாத்தாவின் குரல். கென்டக்கியில் தன் சிறுவயது, வளர்த்த நாய், பேஸ்பால், எல்லாம் சொல்வார். சுற்றிலும் எலும்புக்கூடுகளும் எரிந்த வீடுகளும் கிடக்கும்போது அந்தக் குரல் உண்மையிலேயே ஆறுதலாக இருக்கும். முதல் முறை ஆடியபோது அந்த வானொலியை நான் அணைக்கவே இல்லை.

ராவன் ராக்கில் அவரைப் பார்க்க மேலே ஏறிப் போனால் அங்கே மனிதர் யாரும் இல்லை. ஒரு கணினிதான் இருக்கிறது. அந்தத் தளத்தில் போருக்கு முன் வைத்த இசட்.ஏ.எக்ஸ். வகை இயந்திரம், பழைய ஜனாதிபதிகளின் வரலாற்றைப் படித்துப் படித்துத் தனக்கென ஒரு குணத்தைச் சேர்த்துக்கொண்டது. கென்டக்கி இல்லை, நாய் இல்லை. தேர்தலும் இல்லை. கவனியுங்கள், ஃபால்அவுட் 2லிருந்து ஒரு படி நகர்ந்துவிட்டோம். ரிச்சர்ட்சன் மக்களின் எண்ணிக்கையைச் சுருக்கினார். ஈடனின் அரசாங்கத்தில் ஜனாதிபதியே மனிதர் இல்லை.

வெளிப்படையாகச் சொல்கிறேன், ஃபால்அவுட் 3ன் கதைப்பின்னல் இரண்டாம் பாகத்துக்கு ஈடில்லை. ஜெஃபர்சன் நினைவகத்தில் இருக்கும் பெரிய நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் மாற்றிய வைரஸைக் கலந்து மாறிப்போனவர்களையெல்லாம் கொல்வது ஈடனின் திட்டம். அது பழைய திட்டத்தையே தண்ணீருக்கு மாற்றியதுதான். ஆனால் அதை எதிர்க்கும் கர்னல் அகஸ்டஸ் ஆட்டம் என்பவர் சுவாரசியமானவர். அவருக்கு யாரையும் ஒழிக்க வேண்டாம். நல்ல தண்ணீர் தன் கையில் இருந்தால் மக்கள் தானாக வரிசையில் வந்து நிற்பார்கள், அப்போது ஆளலாம் என்பது அவர் கணக்கு. ஆள்வதற்கு மக்கள் வேண்டும் என்பது என்க்ளேவில் ஒருவருக்காவது உறைத்திருக்கிறது. ஈடனிடம் தர்க்கமாகப் பேசி, தன்னையும் தளத்தையும் அழித்துக்கொள்ள வைக்கலாம். தன் முடிவுகள் தவறாகவே இருக்க முடியாது என்று நம்புகிற இயந்திரம், அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்று கேட்டதும் தடுமாறி நிற்கும் அந்த உரையாடல் நன்றாக வந்திருக்கிறது.

2018ல் வந்த ஃபால்அவுட் 76 காலத்தில் பின்னோக்கிப் போகிறது. 2102, போர் முடிந்து 25 ஆண்டுகள்தான் ஆகின்றன. வைட்ஸ்பிரிங் பதுங்கறையில் இருந்த என்க்ளேவ் கிளையின் தலைமையைப் பிடித்தவர் வேளாண்மைத் துறைச் செயலாளர் தாமஸ் எக்கார்ட். உலகமே சாம்பலான பிறகும் அவருக்குச் சீனாவோடு கணக்குத் தீரவில்லை. மீதமிருக்கும் அணு ஏவுகணைகளை இயக்கப் பார்க்கிறார். அதற்கு நாட்டின் அபாய நிலை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு உயர வேண்டும் என்று இயந்திரத்தில் விதி இருக்கிறது. அபாயம் போதவில்லையா? பயங்கர உயிரினங்களை அவிழ்த்துவிட்டு அவரே அபாயத்தை உண்டாக்குகிறார். உள்ளே கலகம் வெடிக்கிறது. நிர்வாகக் கணினியான மோடஸ் எல்லோரையும் உள்ளே வைத்தே கொன்றுவிடுகிறது.

நீங்கள் போய்ச் சேரும்போது தாழ்வாரங்கள் பளபளப்பாக இருக்கும். ரோபோக்கள் வேலை செய்துகொண்டிருக்கும். மோடஸ் மரியாதையாக வரவேற்று, உறுப்பினராகச் சேர்த்து, பணிகள் கொடுத்து, பாராட்டுப் புள்ளிகள் சேர்ந்ததும் ஜெனரலாகப் பதவி உயர்வும் தரும். படிவங்கள் இருக்கின்றன, பதவிகள் இருக்கின்றன, நடைமுறைகள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. மனிதர் ஒருவர்கூட இல்லை. அரசின் தொடர்ச்சி என்ற அந்தப் பனிப்போர்த் திட்டம் நூற்றுக்கு நூறு வெற்றி பெற்ற இடம் அதுதான்.

இப்போது ஃபால்அவுட்: நியூ வேகாஸ். ஆப்சிடியன் 2010ல் செய்தது, 2281ல் மொஹாவே பாலைவனத்தில் நடக்கிறது. இது மற்ற மூன்றையும் திருப்பிப் போடுகிறது. இங்கே என்க்ளேவ் என்ற அரசாங்கம் இல்லை, மிஞ்சிய மனிதர்கள் மட்டும் இருக்கிறார்கள். எண்ணெய் மேடை அழிந்தபின் கரையில் அவர்களுக்கு இருந்த நவாரோ தளத்தை நியூ கலிபோர்னியா குடியரசு பிடித்துவிட்டது. அந்தக் குடியரசு, என்க்ளேவ் மனிதர்களே இல்லை என்று சொன்ன அதே மக்கள் தாங்களாகவே கட்டிக்கொண்ட நாடு. அவர்கள் பார்வையில் தப்பியோடிய என்க்ளேவ்காரர்கள் எல்லோரும் போர்க் குற்றவாளிகள். கிடைத்தால் விசாரணை.

அப்படி ஒளிந்து வாழும் ஐந்து முதியவர்களை இந்த விளையாட்டில் தேடிப் போகலாம். ஜூடா கிரேகர், அவர்களின் தளபதி. ஓரியன் மோரெனோ, குடியரசின் மீது வன்மம் தணியாதவர். குகையில் தனியாக வாழும் ஜான்சன். மலைமேல் அரக்க உருவமான மனிதர்களுக்கே மருத்துவ ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ஹென்றி. அப்புறம் நோவாக் ஊரின் பழைய விடுதியில் குடியிருக்கும் டெய்சி விட்மன். பார்த்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி. ஒரு காலத்தில் வெர்ட்டிபேர்ட் ஓட்டியவர். கிளாமத் அருகே ஒரே ஒரு முறை இயந்திரக் கோளாறில் வண்டியைக் கீழே போட்டதாகச் சொல்வார். ஃபால்அவுட் 2 ஆடியவர்களுக்கு அந்த இடம் தெரியும். கிளாமத் பள்ளத்தாக்கில் நொறுங்கிக் கிடக்கும் வெர்ட்டிபேர்டை நாம் பார்த்திருக்கிறோம். எதிரியின் உடைந்த இயந்திரம் என்று அன்று கடந்துபோனதற்குள் ஓர் இளம் பெண் இருந்திருக்கிறார். நாற்பது ஆண்டுகள் கழித்து அவர் நம்மிடம் அன்பாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

இவர்களை இணைக்கும் கண்ணி ஆர்கேட் கேனன் என்ற மருத்துவர். வேகாஸின் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கும் அமைப்பில் இருக்கிறார். அப்பா என்க்ளேவ் அதிகாரி. நவாரோ விழுந்தபோது ஆர்கேட் சின்னப் பிள்ளை. அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை, ஆனாலும் பிறந்த இடத்தை வாயைத் திறந்து சொல்ல முடியாது. சொல்ல வைக்க நீங்கள் முதலில் அவர் நம்பிக்கையைப் பெற வேண்டும்.

ஐந்து பேரும் தங்கள் பழைய பதுங்கறைக்கு வந்து சேர்கிறார்கள். கதவு திறக்கக் கடவுச்சொற்றொடர் வேண்டும், ஆளுக்கு ஒரு சொல்லை நினைவில் வைத்திருக்கிறார்கள். சேர்த்துச் சொன்னால் 'அன்பான பழைய நண்பர்களே, நவாரோவை நினைவில் வையுங்கள்' என்று வரும். அமெரிக்காவையும் தூய ரத்தத்தையும் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உள்ளே பழைய கவசங்களை மாட்டிக்கொண்டு, மூட்டுவலியோடு, குடியரசும் அதன் எதிரிகளும் மோதும் ஹூவர் அணைப் போரில் யார் பக்கம் நிற்பது என்று தங்களுக்குள் வாதாடுகிறார்கள். வழக்கமாக ஒரு தலைமை முடிவு செய்யும், இவர்கள் சுடுவார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அவர்களே பேசி முடிவெடுக்கிறார்கள்.

எங்கே தொடங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஃபால்அவுட் 2ன் பழைய உருவம் பொறுக்க முடிந்தால் அதை முதலில் ஆடுங்கள், நவாரோவுக்குப் புதிதாகச் சேர வந்தவர்போல் உள்ளே போய் அங்கிருக்கும் சாதாரண ஆட்களிடம் கொஞ்ச நேரம் பேசுங்கள். அதற்கப்புறம் நியூ வேகாஸ். நோவாக்கில் பெரிய டைனோசர் சிலை நிற்கும் விடுதிக்குப் போகும்போது ஆர்கேடை உடன் அழைத்துப் போங்கள்.